உம் கொட்டாத டிரெய்லர்

வெர்னா குனிந்து, காரில் மாட்டி இழுத்துப்போகும் வீடான யாரோ ஒருவருடைய டிரெய்லரின் மூக்கில் தொங்கும் மெல்லிய கம்பியைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கிறார். கம்பியோடு, சுவிட்சில் செருகியிருந்த சிறு பின் ஒன்று கழன்று கைக்கு வருகிறது. உடனே காதைச் சக்கரத்தின் பக்கம் சாய்க்கிறார். உள்ளே பிரேக் முனகினால் பின்னைத் திரும்பச் சொருகிவிட்டு அடுத்த டிரெய்லருக்கு நகர்கிறார். ஓடும்போது டிரெய்லர் காரைவிட்டுக் கழன்றால், அந்தக் கம்பிதான் பின்னை இழுத்து அதை நிறுத்தவேண்டும். “கதை கேக்குற புள்ள மாதிரி உம் கொட்டணும். கொட்டலைன்னா நம்ம கதை முடிஞ்சுது” என்பார்.

அரிசோனா பாலைவனத்தில் குளிருக்கு ஒதுங்கியிருக்கும் அத்தனை பேருக்கும் அவர் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’. சட்டைப்பையில் எப்போதும் நாய் பிஸ்கட் இருக்கும். அவரைக் கண்டு குரைக்கிற நாய் அந்த வட்டாரத்தில் கிடையாது. காபிக் கோப்பையை யார் வீட்டுப் படியிலாவது வைத்து மறந்துவிட்டு, மாலையில் ஒவ்வொரு படியாகத் தேடுவார். கம்பியைக் காரில் மாட்டாமல் இணைப்புக் கொக்கியிலேயே சுற்றிவைப்பவர்களைக் கண்டால் மட்டும் வாய் நீளும். “கொக்கி கழண்டா கம்பியும் கூடவே போயிருமே, அறிவாளி!”

அவருடைய பழைய டிரெய்லரில் கம்பி சரியாகத்தான் மாட்டியிருந்தது. பின் செருகும் சுவிட்சில்தான் கோளாறு; பின் கழன்றாலும் பிரேக் பிடிக்காது. கொண்டுவாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று டிரெய்லர் கம்பெனி அழைத்தது. ஆனால் மூன்று வாரம் பட்டறையில் விடவேண்டும். “வீட்டையே பட்டறையில விட்டுட்டு நாம எங்க படுக்குறது?” என்றார் கணவர் லோவெல். நியாயமாகத்தான் பட்டது. வசந்தத்தில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு, வசந்தம் வந்தபோது விற்றே விட்டார்கள்.

வாங்கியது இளம் தம்பதி. அந்தப் பெண் நிறைமாதக் கர்ப்பிணி. வெர்னா சோள ரொட்டி சுட்டுக் கொடுத்தார். எந்த ஜன்னல் ஒழுகும், எந்த அலமாரி ஓட்டத்தில் திறந்துகொள்ளும், அடுப்பை எப்படித் தட்டினால் பற்றும், எல்லாம் சொன்னார். சுவிட்சைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது லோவெல் ஒரு பார்வை பார்த்தார். வாய் மூடிக்கொண்டது. இப்போது சொல்லலாமென்றால் அவர்களுடைய விலாசமும் தெரியாது.

“ஒழுகுற ஜன்னலக்கூடச் சொன்னேனே” என்று பாத்திரம் கழுவும்போது அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது உண்டு. அப்போதெல்லாம் லோவெலுக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். அந்தக் குழந்தை இந்நேரம் நடக்கத் தொடங்கியிருக்கும் என்று வெர்னா கணக்குப் போடுவார்.

இன்று காலை மினசோட்டாக்காரர் ரோலண்டின் டிரெய்லர் உம் கொட்டவில்லை. அதே கம்பெனி வண்டி. இரண்டாம் முறை இழுத்தும் சத்தமில்லை. ரோலண்ட் சாமான்களைக் கட்டி முடித்து, டிரெய்லரை மாட்டக் காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். மனைவி முன் இருக்கையில் ஏறிவிட்டாள். வெர்னா விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

“கம்பெனியில போன வருஷமே கூப்பிட்டாங்கம்மா. வீட்ட அங்க விட்டுட்டு நாங்க எங்க படுக்குறது? ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்.”

பக்கத்தில் காபியோடு நின்ற லோவெல் தலையைக் குனிந்துகொண்டார்.

“எங்க புது வண்டியில படுங்க” என்றார் வெர்னா. “மூணு வாரமோ முப்பது வாரமோ. கட்டில் காலியாத்தான் கிடக்கு.”

ரோலண்ட் பின்னைக் கேட்டுக் கையை நீட்டினார். வெர்னா அதை நாய் பிஸ்கட்டோடு பைக்குள் போட்டுக்கொண்டு, கொக்கி மாட்டவேண்டிய டிரெய்லரின் மூக்கிலேயே உட்கார்ந்துவிட்டார். லோவெல் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மெல்ல அருகில் வந்தார். வெர்னா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சற்று நகர்ந்து, உட்கார இடம் விட்டார்.