வேட்டு கத்துகிற வேலை

கத்துவதற்குக் கூலி வாங்கியவன் நான். ஆரணியில் பாதிப் பேர் தறியில் உட்கார்ந்தார்கள். எனக்கு அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார வராது. அதனால் தேவிகாபுரம் போகிற வழியில் இருந்த கல் குவாரியில் சேர்ந்தேன். பாறைக் குழியில் மருந்து வைத்ததும் சிவப்புக் கொடியோடு மேலே ஏறி, "வேட்டு...!" என்று கத்த வேண்டும். எல்லோரும் ஓடி ஒளிவார்கள். வெடித்து முடிந்து நான் "ஆச்சு!" என்று கத்துகிற வரைக்கும் ஒருத்தரும் தலையை நீட்டக் கூடாது. முதலாளியே வந்தாலும் அதுதான் சட்டம்.

எழுபதுகளின் கடைசியில் கிரஷர் மெஷின் வந்தது. சுத்தியலால் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பெண்களை முதலில் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதில் என் மனைவியும் ஒருத்தி. அடுத்த வாரம் மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கி என்னைக் கூப்பிட்டார்.

"மெஷின் ஓடற சத்தத்துல நீ கத்தறது எவனுக்குய்யா கேக்குது? நாளையிலேர்ந்து வராத."

என் குரலையா கேட்கவில்லை என்கிறார்! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கொடியை எடுத்தேன், பாறை மேல் ஏறினேன், அடிவயிற்றிலிருந்து ஒரு "வேட்டு...!" விட்டேன்.

அன்று ஒரு குழியிலும் மருந்து இல்லை. அது அவருக்குத் தெரியாது. மெஷின்காரன் மெஷினை நிறுத்திவிட்டு ஓடினான். மேனேஜர் வெள்ளைப் பேன்ட்டோடு ஜீப்புக்கு அடியில் புகுந்தார். நான் சாவகாசமாக உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைத்தேன். பாதி பீடி தீர்ந்த பிறகு கீழேயிருந்து குரல் வந்தது.

"யோவ், இன்னும் ஏன்யா வெடிக்கல?"

"நான் கத்தனது கேட்டுதுங்களா சார்?"

"கேட்டுது, கேட்டுது!"

"அப்ப நாளைக்கு வரலாங்களா?"

"வாய்யா! நாளைக்கும் வா, அதுக்கப்புறமும் வா! ஜல்தியா ஆச்சுன்னு சொல்லித் தொலை!"

சொன்னேன். குவாரியே கேட்டுக்கொண்டிருந்ததால் அவரால் பேச்சை மாற்ற முடியவில்லை. முழங்காலைத் தட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அவர் புகுந்ததையும் ஊர்ந்து வந்ததையும் நடித்தே காட்டினேன். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அவ்ளோ நேரம் ஜீப்புக்கு அடியிலதான இருந்தாரு? எங்களுக்கும் சேத்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்லய்யா?"

மறுநாள் எங்கள் வீட்டிலிருந்து குவாரிக்கு நான் மட்டும்தான் போனேன்.