கண்ணை மூடிய கோல்கீப்பர்

ஆணும் பெண்ணுமாகத் தங்கிப் படிக்கிற அந்தப் பல்கலைக்கழக விடுதியில் அவரைச் சித்தப்பா என்று கூப்பிடாதவர் வார்டன் ஒருவர்தான். வார்டன் அவரைவிட இளையவர். ஆகவே கண்டிக்கிறபோதும் 'சார்' போட்டுத்தான் கண்டிப்பார். மற்றபடி முதல் வருடத்துப் பொடிசுகள் முதல் மாடிப்படி துடைக்கிற அம்மாள் வரை எல்லாருக்கும் அவர் சித்தப்பாதான். அவரோடு ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கி, வேலை வாங்கி, வீடு வாங்கி, வழுக்கையும் வாங்கிவிட்டார்கள். சித்தப்பா மட்டும் நிறைய முடியோடும் முடியாத ஆராய்ச்சியோடும் அங்கேயே இருந்தார்.

மண்ணுக்குள் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்பதுதான் ஆராய்ச்சி. எந்த மண்ணில் எவ்வளவு வேகத்தில் இறங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தண்ணீருக்குள் தாம் இறங்குவது பற்றி யாராவது பேச்செடுத்தால் மட்டும், அவசரமாக வேறு வேலை ஞாபகம் வந்துவிடும்.

தரைத்தளத்தில் கடைசி அறை அவருடையது. தனி அறை. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம், கட்டிலை ஒட்டிய சுவருக்குள் சுடுதண்ணீர்க் குழாய். ஊரே வெடவெடக்கும் குளிரிலும் சித்தப்பா அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பூனை மாதிரி கண் சொருகிக் கிடப்பார். அந்தச் சுகத்துக்குத்தான் ஒருநாள் வேட்டு வந்தது.

"சார், புது விதி போட்டிருக்காங்க" என்றார் வார்டன், தரையைப் பார்த்துக்கொண்டு. "வருஷத்துல ஒரு தடவையாவது விடுதிக்காகப் பாட்டு, பேச்சு, விளையாட்டுன்னு எதுலயாவது கலந்துக்கணும். கலந்துக்காதவங்க மாடியில ரெண்டு பேர் ரூமுக்குப் போகணும்."

"இத்தனை வருஷமா விடுதியிலயே இருக்கேனே சார், அது போதாதா?"

"அதைத்தான் சார் மேலிடத்துலயும் கேக்கிறாங்க."

சித்தப்பா விசாரித்தார். பாட்டுப்போட்டி முடிந்திருந்தது. பேச்சுப்போட்டி முடிந்திருந்தது. சதுரங்கம் நடந்த வாரம் அவர் ஜலதோஷத்தில் படுத்திருந்தார். மிச்சமிருந்தது வாட்டர் போலோ. அதிலும் இது ட்யூப் வாட்டர் போலோ. மீன் மாதிரி நீந்திக்கொண்டே பந்தைக் கோலுக்குள் எறிவது அசல் ஆட்டம். ஆளுக்கொரு காற்றடைத்த ட்யூபில் உட்கார்ந்து, கையால் துழாவிக்கொண்டு விளையாடுவது விடுதிகளுக்கான ஆட்டம். ட்யூபில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பந்தைத் தொடலாம். கவிழ்ந்தால் மறுபடி ஏறி உட்கார்ந்த பிறகே தொடவேண்டும். அணியில் கோல்கீப்பர் இடம் காலியாக இருந்தது.

கேப்டன் சட்டம் படிக்கிற பெண். ஆள் கடுகு, குரல் கோயில் மணி. அவள் சித்தப்பாவை மேலும் கீழும் பார்க்கவில்லை, இடமும் வலமும் பார்த்தாள். திருப்தியாக இருந்தது.

"நீச்சல் தெரியுமா சித்தப்பா?"

"நான் தண்ணியிலதாம்மா ஆராய்ச்சியே பண்றேன்."

வக்கீலாகப் போகிறவள் இந்தப் பதிலைக் குறுக்கு விசாரணை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இடுப்பில் கட்டிக்கொண்டு மிதக்கவும் அது உதவாது.

அன்று மாலை ஊரிலிருந்து அக்கா போன் செய்தாள்.

"என்னது, நீ தண்ணிக்குள்ள இறங்கப் போறியா? தலையில ஒரு சொம்பு ஊத்தினாலே கொலை விழுந்த மாதிரி கத்துவியேடா!"

"அது சின்ன வயசுலக்கா."

"பத்தாவது படிச்சடா அப்ப! மாடிக்குத்தான் போயேன். கூட ஒரு ஆள் இருந்தா பேச்சுத்துணையாச்சு."

"பேசுவாங்கங்கிறதுதான்க்கா பயம்" என்றார் சித்தப்பா.

நீச்சல்குளம் நீச்சல் அணிக்கே போதவில்லை. விடுதிக்காரர்களுக்கு ஆட்டத்தன்றுதான் திறந்துவிடுவார்கள். கேப்டன் சளைக்கவில்லை. படிப்பறையில் இருந்த சக்கரம் வைத்த நாற்காலிகளை எல்லாம் வராந்தாவுக்குத் தள்ளிவந்து பயிற்சியை ஆரம்பித்தாள். காலால் தரையை உந்தி உந்தி, ஆளாளுக்கு முட்டிமோதிக்கொண்டு உருண்டார்கள். வராந்தாக் கோடியில் இரண்டு குப்பைத்தொட்டிகளுக்கு நடுவே சித்தப்பா. பந்து வந்தால் உருண்டு போய்த் தடுப்பார். சுவரில் மோதுவதற்குள் இரண்டு காலையும் தரையில் ஊன்றி டக்கென்று நிறுத்துவார். அந்த பிரேக் பார்க்கவே அழகு. ஒருநாள் கைதட்டல்கூட வாங்கினார். தண்ணீருக்குத் தரை கிடையாது என்ற சின்ன விஷயம் மட்டும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. தண்ணீரைப் பற்றி ஆராய்கிறவர் மண்டையிலும்தான்.

ஆட்டத்தன்று எதிர்விடுதிக்காரர்கள் ஒரே நிறத்துத் தொப்பியோடு வந்திறங்கினார்கள். நம்மவர்களின் தொப்பிகள் இரவல். ஒவ்வொன்றும் ஒரு நிறம். சித்தப்பா ஏணிக் கம்பியை உடும்புப்பிடியாகப் பிடித்து, ட்யூபுக்குள் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட, பாட்டிலில் தக்கை மாதிரி செருகிக்கொண்டார். இரண்டு பேர் அவரை இழுத்துக்கொண்டுபோய் கோலுக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

விசில் ஊதியதும் அவர் செய்த முதல் காரியம், கண்ணை இறுக மூடிக்கொண்டது. பயத்தில் மூடியதுதான். ஆனால் கோல் அடிப்பதில் எதிர்விடுதியின் பெரிய கைகாரன், கோல்கீப்பர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அதற்கு எதிர்ப்பக்கம் அடித்தே பழகியவன். இங்கே பார்வையே இல்லை. குழம்பிப்போய் நடுவில் அடித்தான். பந்து சித்தப்பாவின் நெற்றியில் பட்டுத் திரும்பியது. அடுத்தது வயிற்றில். அடுத்தது முழங்காலில்.

"யோவ், அந்தாளு தூங்குறான்யா!" என்று கத்தினான் கைகாரன்.

"தூங்கும்போதே இப்படின்னா முழிச்சா என்ன ஆவீங்க?" என்று எதிர்ப்பாட்டுப் பாடினாள் கேப்டன்.

கரையில் "சித்தப்பா! சித்தப்பா!" என்று கோஷம் கிளம்பியது. நாலு கோல் இங்கே, நாலு கோல் அங்கே. ஆட்டம் முடியப்போகிற நேரம். உயரமாக ஒரு பந்து வந்து சித்தப்பாவின் மடியிலேயே விழுந்தது. அந்த வேகத்தில் ட்யூப் பின்னால் நகர்ந்தது. சுவரில் மோதப்போகிறோம் என்று பதறி, பழக்கதோஷத்தில் இரண்டு காலையும் ஊன்றினார்.

ஊன்றத் தரை வேண்டுமே. ட்யூப் ஒருபக்கம், சித்தப்பா ஒருபக்கம். முங்கி எழுந்தபோது பந்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டிருந்தார். உயர நாற்காலியில் இருந்த குளத்து உயிர்காப்பாளர் எழுந்து நின்றுவிட்டார்.

"சித்தப்பா, பந்தை விடுங்க! பெனால்ட்டி குடுத்துருவாங்க!"

"விட்டா நான் போயிருவேம்மா!"

விசில். பெனால்ட்டிதான். கேப்டன் துழாவிக்கொண்டு வந்து, ட்யூபை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீச்சல் தெரியாதா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"ரூமுக்கு" என்றார், இருமிக்கொண்டே. விதியையும் சுடுதண்ணீர்ச் சுவரையும் இரண்டு வாக்கியத்தில் சொன்னார். கேப்டன் சிரித்த சிரிப்பில் அவளே கவிழ்ந்திருப்பாள்.

"அட, இவ்வளவுதானா? நீங்க ஆடியாச்சு சித்தப்பா. வார்டன்கிட்ட நான் பேசிக்கறேன், ரூம் உங்களுக்குத்தான். கரையேறுங்க, கோலுக்கு நான் நிக்கிறேன்."

சித்தப்பா ஏணியைப் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கரையில் இன்னும் அவர் பெயரைச் சொல்லித்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். இந்தப் பிஞ்சு கோலுக்கு நின்றால் மூன்று பேர் போகிற சந்து இருக்கும்.

"ட்யூபைப் பிடிச்சுக்கோம்மா, ஏறணும்" என்றார்.

ஏறினார். முதல்முறையாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, தண்ணீரை, எதிரே மிதக்கிற கைகாரனை, அவன் தோளை, கையிலிருந்த பந்தை எல்லாம் பார்த்தார். கைகாரனும் ஆட்டத்தில் முதல்முறையாக அவர் கண்ணைப் பார்த்தான். இவர் இடப்பக்கம் பார்த்தார். அவன் வலப்பக்கம் அடித்தான்.

ஐந்துக்கு நாலு. தோல்வி.

மாலையில் அறையில் முதுகைச் சுவரில் சாய்த்தபோது, உலகத்தில் இனி ஒரு குறையும் இல்லை என்று சித்தப்பாவுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு முழுசாக முடியவில்லை, கதவு திறந்தது. ஈரத்தலையோடு மொத்த அணியும் நின்றது.

"எங்க சித்தப்பா அந்தச் சுவர்?" என்றாள் கேப்டன்.

ஆளாளுக்கு முதுகைச் சாய்த்தார்கள். கட்டில் கிறீச்சிட்டது. "முழிச்சிருந்து பார்த்தாரு பாரு, அங்கதான்டா தோத்தோம்!" என்று ஒருவன் ஆரம்பிக்க, அறை அதிர்ந்தது. சித்தப்பாவுக்கு மட்டும் சுவர் கிடைக்கவில்லை. மேசைமேல் உட்கார்ந்து, நெற்றியில் பந்து பட்ட கதையைத் தாமே எழுந்து நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு வார்டன் எட்டிப் பார்த்தார். "சார், ரூம் உங்களுக்கே உறுதியாயிடுச்சு. இவங்க தொந்தரவா இருந்தா சொல்லுங்க, போகச் சொல்றேன்."

"இப்பப் போனா தலை காயாது சார்" என்றார் சித்தப்பா. "உள்ள வர்றதுன்னா வாங்க. இல்லேன்னா கதவைச் சாத்திட்டுப் போங்க, பசங்களுக்குக் குளிருது."