பிளேனில் வந்த சிரட்டை

ஜெர்மனியிலிருந்து மகன் அனுப்பிய பார்சல் இன்று காலை நாகர்கோவில் வந்து சேர்ந்தது. அட்டைப்பெட்டிக்குள் தெர்மோகோல், அதற்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரு கிண்ணம். பளபளவென்று வார்னிஷ் பூசிய தேங்காய்ச் சிரட்டை.

அடியில் ஒட்டியிருந்த சீட்டில், தேங்காய் இந்தியா, பாலிஷ் வியட்நாம் என்று போட்டிருந்தது.

போன் போட்டேன். "பிளாஸ்டிக் கிண்ணத்தை எல்லாம் தூரப் போடும்மா. இதுனால பூமிக்கு ஒரு கேடும் வராது" என்றான்.

"கிறிஸ்மஸுக்கு வருவியா மக்கா?"

"இல்லம்மா. நான் பிளேன்ல ஏறுறதையே விட்டுட்டேன். எவ்வளவு புகை தெரியுமா?"

'பின்ன இந்தச் சிரட்டை நடந்தா வந்துது?' என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் போனை வைத்துவிடுவான். அப்புறம் வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும்தான்.

கிண்ணத்தைக் கழுவிப் பின்வாசல் படியில் காயவைத்தேன். எங்கள் வீட்டுச் சிரட்டைகளை வெந்நீர் அடுப்புக்கு எடுத்துப்போவது பக்கத்து வீட்டு மேரியக்காவின் வழக்கம். சாயங்காலம் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, படியில கெடந்த சிரட்டை நல்லா எரிஞ்சுது கேட்டியா. பெயிண்ட் மணம்தான் கொடலப் பெரட்டிட்டு."

சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவர் உள்ளே போனதும், எதற்குச் சிரித்தேன் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜெர்மனியிலிருந்து எங்கள் பக்கத்துக் குளச்சல் துறைமுகத்துக்குப் பாய்மரக் கப்பல் ஏதாவது ஓடுகிறதா? தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.