எங்கள் டிவியில் எல்லோரும் குண்டு

பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு எச்டி டிவி வந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கும் வந்தது. சுவரில் மாட்டிய கையோடு என் கணவர் சந்தாபுராவில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை மேட்ச் பாக்க எல்லாரும் வந்துடுங்கக்கா. மூஞ்சில வேர்வைகூட தெரியும்!"

அவர் வாங்கிய எந்தப் பொருளையும் அந்த அக்கா கிண்டல் செய்யாமல் விட்டதில்லை. இந்த டிவியாவது அக்கா வாயை அடைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

படம் வந்தது. ஆனால் எல்லோரும் குண்டாக இருந்தார்கள். செய்தி வாசிக்கும் ஒல்லிப் பெண்ணுக்குக்கூட கன்னம் உப்பியிருந்தது.

"என்னங்க, எல்லாரும் அகலமா இருக்காங்களே?"

"பெரிய டிவின்னா ஆளுங்களும் பெருசாத்தான் தெரிவாங்க."

மறுநாள் எதிர்வீட்டுக்குப் போனபோது அவர்கள் டிவியைப் பார்த்து நின்றுவிட்டேன். பந்தின் தையல் தெரிந்தது. மைதானத்தில் புல் வெட்டிய கோடுகள் தெரிந்தன. யாரும் குண்டாக இல்லை. "டிவி மட்டும் எச்டியா இருந்தா போதாது, கேபிள் பாக்ஸும் எச்டி போடணும்" என்றார் எதிர்வீட்டுக்காரம்மா. எங்கள் வீட்டில் பழைய பாக்ஸையே மூன்று கலர் ஒயரோடு புது டிவியில் சொருகியிருந்தோம்.

இதைச் சொன்னால் என் கணவர் முகம் சுருங்கிவிடும். சொல்லாவிட்டால் அக்கா முன்னால் சுருங்கும். நானோ புது ஆட்களிடம் பேசக் கூச்சப்படுபவள். பஸ்ஸில் என் நிறுத்தத்தில் நிறுத்தச் சொல்லக்கூட வேறு யாராவது எழட்டும் என்று காத்திருப்பேன். இருந்தாலும் மொட்டை மாடிக்குப் போய்க் கேபிள்காரரைக் கூப்பிட்டேன். "எச்டி பாக்ஸ் பேக்கு அண்ணா" என்று, பாக்ஸ் வேண்டும் என்பதைக் கன்னடத்தில் இரண்டு தடவை திக்கிச் சொன்னேன். சனிக்கிழமை வருகிறேன் என்றார்.

ஆனால் அவர் வந்தது ஞாயிற்றுக்கிழமைதான். அக்கா குடும்பம் பஜ்ஜியோடு உட்கார்ந்திருந்தது.

"டேய், பௌலர் பூசணிக்கா மாதிரி இருக்கான். வேர்வை எங்கடா?" என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் கேபிள்காரர் உள்ளே நுழைந்தார்.

"என்ன சார், இவ்ளோ நல்ல டிவி வாங்கிட்டு பழைய பாக்ஸ்லயா பாக்கறீங்க?" என்றார், நல்ல தமிழில்.

என் கணவர் கையில் பஜ்ஜி அப்படியே நின்றது. அக்கா சிரிக்க வாயைத் திறந்தார். அதற்குள் நான் பேசிவிட்டேன்.

"அவரு அன்னைக்கே சொன்னாரு அண்ணி, எச்டி பாக்ஸ் போடணும்னு. நான்தான் போன் பண்ண லேட் பண்ணிட்டேன்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கேபிள்காரர் பழைய ஒயரைப் பிடுங்கி, தடியான கறுப்பு ஒயர் ஒன்றைச் சொருகினார். படம் பளிச்சென்று வந்தது. பௌலர் ஒரே நிமிடத்தில் இளைத்துப்போனார். மூக்கு நுனியில் வேர்வைத் துளி நின்றது.

"அடேயப்பா!" என்றார் அக்கா. "கிட்டப் போனா நம்ம மேல சொட்டும்போல!"

"சும்மாவாக்கா? டிவி மட்டும் இருந்தா பத்தாது, பாக்ஸும் எச்டியா இருக்கணும்" என்று என் கணவர் விளக்க ஆரம்பித்தார். அக்கா அதைக் காதில் வாங்காமல் என் பக்கம் திரும்பினார்.

"எங்க வூட்டுக்கும் ஒண்ணு போடணும். நீயே கேபிள்காரருகிட்ட பேசும்மா."

நான் பேசினேன்.