பன்னிரண்டு மணி நேரப் பிரதி

எங்கள் சங்கத்தின் இணையப் பக்கத்தை 1998-இல் எழுதிக் கொடுத்தவர் ஸ்ரீஸ்கந்தராஜா. பாயான் பாரு தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் தனிக்கட்டை. ஒருநாள் வைத்த கறியை மூன்று நாளுக்குப் பிரித்து வைத்துச் சாப்பிடும் சிக்கனக்காரர். நான் சங்கச் செயலாளர். கல்யாணம், சாவு எதுவானாலும் உறுப்பினர் வீடுகளுக்குத் தொலைபேசியில் சொல்வது என் பொறுப்பு.

அப்போது இணையம் ஆமை வேகம். அதற்கு அவர் ஒரு வழி செய்தார். சர்வரில் பெயர், தேதி, நேரம், வீடு என்று தனித்தனியாகக் கிடக்கும் அறிவிப்பை ஒரே எழுத்துக் கோப்பாகக் கட்டி அனுப்பினார். பார்ப்பவரின் கம்ப்யூட்டர் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். மறுபடி திறந்தால் சர்வரைக் கேட்காது, கையில் இருப்பதையே காட்டும்.

"எவ்வளவு நேரத்துக்கு?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு மணி நேரம் போதும் லா. அதுக்குள்ள யாரு ரெண்டு தடவ பாக்கப்போறா? அவசரம்னா நீங்கதான் ஃபோன் போட்டுருவீங்களே."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மறு ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் எங்கள் சங்க உறுப்பினர் கனகேஸ்வரி அம்மா இறந்துபோனார். மூன்றரைக்குப் பிரேதம் எடுப்பதாக இணையப் பக்கத்தில் போட்டோம். பத்து மணிக்கு யாரோ அது ராகுகாலம் என்று குதித்தார்கள். எடுக்கும் நேரத்தை ஒன்றரைக்கு மாற்றினோம். ஸ்ரீ உடனே பக்கத்தைத் திருத்தினார். நான் எல்லா வீட்டுக்கும் ஃபோன் செய்தேன்.

ஒரு வீட்டைத் தவிர. அம்மாவின் ஒரே மகள் அருந்ததி, அப்துல் ரஹீமைக் கட்டிக்கொண்டு தாசேக் கெலுகோருக்குப் போய்ப் பத்து வருஷம். அவள் பேச்சை எடுத்தாலே அண்ணன்மார் சண்டைக்கு வருவார்கள். எனக்கெதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு அவள் வந்தாள். வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். நானும் ஸ்ரீயும் வாசலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஈரத் தரையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அம்மாவுக்கு முடியலன்னு தெரிஞ்சதுலேருந்து தினமும் காலைல ஆபீஸ்ல பாத்துக்கிட்டே இருந்தேண்ணே. இன்னிக்கும் காலைல பாத்தேன், பதினோரு மணிக்கு மறுபடியும் ஒரு தரம் பாத்தேன். மூணரைன்னுதானே இருந்துச்சு?"

ஸ்ரீ பிரதி, சர்வர் என்று ஏதோ விளக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். "தப்பு என்னோடதும்மா" என்றார். அவள் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

மறுநாளே அவர் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தைப் பூஜ்யமாக்கினார். பக்கம் முக்கி முனகித் திறந்தது. உறுப்பினர்கள் வாய்க்கு வந்தபடி திட்டியும் மனுஷர் மசியவில்லை. என்னை எங்கே பார்த்தாலும், "பெத்த தாய் முகத்தக்கூட பாக்க விடாம பண்ணிட்டேனே" என்பார். நான் தோளைத் தட்டிக் கொடுப்பேன்.

அருந்ததியின் தொலைபேசி எண் என் நோட்டில் இருந்தது. அம்மா படுக்கையில் விழுந்தபோது, "ஏதாச்சும்னா சொல்லுங்கண்ணே" என்று அவளே எழுதிக் கொடுத்தது. அதை மட்டும் நான் ஸ்ரீயிடம் இன்றுவரை சொல்லவில்லை.