ஒரே ஒரு முறை திறந்த கதவு

எங்கள் வீட்டு ஐஸ்க்ரீம் மெஷினுக்கு ஒரு விதி உண்டு. அதன் அலுமினியக் கிண்ணம் முழுதாக ஒரு நாள் ஃப்ரீசரில் இருக்க வேண்டும். எடுத்துக் குலுக்கும்போது, அதன் இரட்டைச் சுவருக்குள் அடைபட்ட திரவம் சளக்கென்றால் அன்றைக்கு ஐஸ்க்ரீம் இல்லை.

மெஷின் வாங்கிய நாளிலிருந்தே கிண்டல் செய்துவந்தவர் மனைவியின் அண்ணன். “ஜூஸ் மெஷின் பரணுக்குப் போயிருச்சு. இது எப்பப் போகும்த்தா?”

“சனிக்கிழமை சாப்பிட வாங்கண்ணே. கெட்டியா வரலைன்னா நானே பரண்ல ஏத்திடுறேன். வந்துட்டா கிண்ணத்தை நீங்கதான் கழுவணும்,” என்றாள் மனைவி.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஃப்ரிட்ஜ் சத்தம் நின்றது. மாதாந்திரப் பராமரிப்பு, மாலை ஐந்து வரை மின்தடை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முந்தைய நாள் அந்த அறிவிப்பைப் பத்திரிகைக்குச் செப்பனிட்டவன் நான். எங்கள் தெருவின் பெயரில் இருந்த எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தியிருந்தேன்.

“திண்டுக்கல் முழுக்கச் சொல்லிட்டு வீட்டுக்குச் சொல்லாம விட்டீங்களே!” என்ற மனைவி, ஃப்ரிட்ஜ் கதவில் குறுக்காக டேப் ஒட்டினாள். இன்வெர்ட்டர் மின்விசிறி, விளக்கு போன்ற சின்னச் சாதனங்களுக்குத்தான் தாங்கும்; ஃப்ரிட்ஜுக்குத் தாங்காது. உள்ளே இருக்கும் குளிர் வெளியேறாமல் காப்பதே வழி. கதவு ஒரே முறைதான் திறக்கும்.

பன்னிரண்டு மணிக்கு மச்சான் வியர்வையோடு வந்தார். “ஏத்தா, செத்த மோர் குடு.”

“ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கு.”

“எடேன்.”

“முடியாது.”

குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். “மாப்ள, இந்த வீட்டுல எப்படிய்யா குடும்பம் நடத்துற?”

சாம்பார், ரசம் முடிந்தன. அடுத்த சோற்றைக் குழித்து வைத்துக்கொண்டு தயிருக்குக் காத்திருந்தார். “கை காயுதுத்தா.”

மனைவி அவசரப்படவில்லை. மெஷினை மேசையில் வைத்து இன்வெர்ட்டர் பிளக்கில் செருகினாள். கலவையைக் கிளறும் துடுப்பையும் மூடியையும் பக்கத்தில் வைத்தாள். பிறகு டேப்பைக் கிழித்தாள். கிண்ணம், சிறுமலை வாழைப்பழமும் நாட்டுச் சர்க்கரையும் கலந்த பால், தயிர் மூன்றும் ஒரே மூச்சில் வெளியே வந்தன.

கிண்ணத்தை அண்ணனின் காதருகே குலுக்கினாள். சத்தமில்லை.

“இன்னொரு தடவை ஆட்டு,” என்றார். அப்போதும் இல்லை.

மெஷின் சுழலத் தொடங்கிய பின்தான் பாலை ஊற்றினாள். முதலில் ஊற்றினால் சுவரில் உறைந்து துடுப்பைப் பிடித்துக்கொள்ளும். மச்சான் தயிர்ச்சோற்றை மெதுவாகப் பிசைந்தபடி மூடியின் துளையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபதாவது நிமிடம் மோட்டாரின் குரல் கனத்தது. மரக்கரண்டியில் அள்ளியது சரியாமல் நின்றது.

மச்சான் முதல் கிண்ணியை வழித்துச் சாப்பிட்டார். மூன்றாவது கிண்ணி கேட்டபோது மனைவி சிரித்தாள். “பரண்ல ஏத்திடவாண்ணே?”

“போத்தா. கழுவுறேன், குடு.”

“இப்ப கூடாது. குளிர் விட்டபெறகுதான் தண்ணி படணும்.”

ஆகவே தோற்றவர் காத்திருந்தார். அரைமணிக்கொரு முறை கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தார். கம்பி நாரை எடுத்தபோது மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டு ஸ்பாஞ்சைக் கொடுத்தாள். கழுவி, தன் தோள் துண்டாலேயே ஈரம் போகத் துடைத்தார். ஐந்து மணிக்கு மின்சாரம் வந்தது. அவரே ஃப்ரீசரைத் திறந்து கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தார்.

“ஏத்தா, நாளைக்கும் வாரேன். கொய்யாப்பழம் வாங்கியாரவா?”