கள்ளுக்கடை ஈக்கள்

அடையாற்றுத் தோப்பை ஒட்டிய கள்ளுக்கடைக்கு நான் ஈ பிடிக்கப் போனபோது கடைக்காரர் சிரித்தார். "இன்னாம்மா, குடிக்கிறவனே ஈய ஊதித் தள்ளிட்டுக் குடிக்கிறான். நீ அத்தப் புடிச்சிக்கினு போறியா?"

பிடித்துக்கொண்டுதான் போனேன். தியாகராய நகர் பழக்கடைகளிலும் பிடித்தேன். கல்லூரியில் என் ஆராய்ச்சி இடம் அடுத்த ஆண்டும் நீடிக்குமா என்பது அந்த ஈக்களைப் பொறுத்திருந்தது.

இரண்டும் ஒரே இனம். வெளித்தோற்றத்தில் வித்தியாசம் கிடையாது. இரண்டையும் இணைசேர விட்டு, பிறந்த புழுக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சாயத்தில் நசுக்கி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஒரே ஒரு குரோமோசோமில் ஒரு வளையம் தெரிந்தது. கள்ளு ஈக்கள் பலவற்றில் அந்தத் துண்டு தலைகீழாகத் திரும்பியிருந்தது. நேரான துண்டோடு ஜோடி சேர அது வளைய வேண்டியிருந்தது. அப்படித் திரும்பிய துண்டு மற்றதோடு எளிதில் கலக்காது. மற்ற இடங்களில் இரு கூட்டமும் ஒன்றுபோல் இருந்தாலும், கள்ளைத் தாங்கும் குணங்கள் அந்தத் துண்டுக்குள் சிதறாமல் நிற்கின்றன என்று எழுதிக் கொடுத்தேன்.

துறைத் தலைவர் மதுவிலக்குக் கூட்டங்களில் பேசுகிறவர். தன் கட்டடத்தில் கள் வாடை கூடாது என்றார். எல்லா ஈக்களுக்கும் ஒரே வாழைப்பழக் கூழ்தான், அதுதான் நியாயமான சோதனை என்றும் சொன்னார். நான் மறுத்தேன். மறுநாள் போனபோது, நான் ஈ வளர்த்த புட்டிகளில் கள்ளுக்குப் பதில் கூழ் இருந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் ஈக்களில் பல தலைமுறைகள் கடந்துவிட்டன. பிறகு அவரே கள்ளு ஈக்களின் புழுக்களை எடுத்து, உதவியாளர்கள் முன்னிலையில் நசுக்கிப் பார்த்தார். வளையம் இல்லை.

"எங்கே அம்மா உன் வளையம்? கனவில் வந்ததா?"

"வாழைப்பழத்தில் அதற்கு வேலையில்லை சார். கள்ளை எடுத்தீர்கள், திரும்பிய துண்டும் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துவிட்டது. நான் எழுதியது இதைத்தான்."

"குடிகாரனுக்கு வக்காலத்து வாங்குகிறாய்."

உதவியாளர்கள் சிரித்தார்கள். நான் மூன்று கேட்டேன்: பாதிப் புட்டிகளுக்குக் கள், புதிதாகப் பிடித்த ஈக்கள், வெளியார் ஒருவரின் பார்வை. முதல் இரண்டுக்கும் முடியாது என்றார். மூன்றாவதைச் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டார். என் பழைய ஸ்லைடுகள் எல்லாம் காய்ந்து போயிருந்தன. காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை.

இடம் வேறொருவருக்குப் போனது. நான் மேஜையைக் காலி செய்த வாரத்தில் நகரத்திலும் மதுவிலக்கு வந்தது, கள்ளுக்கடைகளை மூடினார்கள். இனி அந்த ஈக்களை எங்கே தேடுவது? மதுவிலக்கு வந்த மகிழ்ச்சியில் துறைத் தலைவர் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். என் முன்னால் தட்டை நீட்டியபோது, "எனக்கு வேண்டாம்" என்றேன். அவர் தட்டை நகர்த்தாமல் நின்றார். நானும் கையை நீட்டவில்லை.